எட்டாம் லேன்

கேள்வி: ஒன்பது வயதாகும் என் மகனை இரண்டாவது கோடையாக நீச்சல் அணிக்கு அனுப்புகிறேன். கட்டணம், பெட்ரோல், நீச்சலுடை என்று இவ்வளவு செலவழித்தும் இதுவரை ஒரு பதக்கம்கூட இல்லை. தனிப் போட்டிகளில் கடைசியாக வருகிறான். ரிலேயில் மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். சிறுவயதில் நீங்களும் கோடை நீச்சல் அணியில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களுக்கு என்னதான் கிடைத்தது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்)

பதில்: காதுவலி கிடைத்தது. பதக்கம் கிடைக்கவில்லை.

1994-ஆம் ஆண்டில் குற்றாலீஸ்வரன் என்ற சென்னைச் சிறுவர் பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடற்பகுதிகளை ஒரே ஆண்டுக்குள் நீந்திக் கடந்து, 1966-இல் ஐந்தைக் கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அதன் விளைவை அடுத்த கோடையில் நாங்கள் அனுபவித்தோம். எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஏழு பிள்ளைகள் விடியற்காலையில் எழுப்பப்பட்டு, தோளில் துண்டோடு நீச்சல் குளத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டோம். பத்து வயதான என்னிடம் என் தந்தை எதிர்பார்த்தது, நீங்கள் உங்கள் மகனிடம் எதிர்பார்ப்பதைவிடப் பல கடல் மைல்கள் கூடுதல்.

எட்டு லேன்கள் கொண்ட குளத்தில், முந்தைய நேரங்களின்படி, மிக வேகமானவருக்கு நான்காவது லேனும், அடுத்தவருக்கு ஐந்தாவதும், பிறகு மூன்று, ஆறு, இரண்டு, ஏழு, ஒன்று என்றும் ஒதுக்கி, கடைசி நேரக்காரரை எட்டில் நிறுத்துவார்கள். அந்தக் கோடை முழுவதும் என் முகவரி எட்டாம் லேன். முதல் வாரத்தில் 50 மீட்டரை முடிப்பதற்குள் இரண்டு முறை லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழுக்கும் அந்தப் பிளாஸ்டிக் வளையங்களை விரல்கள் இன்னும் மறக்கவில்லை. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல், கழுத்தில் ஷூ கயிற்றில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்து, ஓரம் நனைந்து உப்பிய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் நேரத்தைக் குறித்துக்கொள்வார். கயிற்றைப் பிடித்து நின்ற நொடிகளும் அதில் சேரும். மே மாத இறுதியில் கயிற்றைத் தொடாமல் நீந்தி முடித்தபோதும் நான் கடைசிதான். ஆனால் நோட்டில் 22 நொடிகள் குறைந்திருந்தன. பார்வையாளர் படிக்கட்டில் அமர்ந்திருந்த என் தந்தைக்கு அந்த 22 நொடிகள் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால் யார் முதலில் சுவரைத் தொட்டார்கள் என்பது மட்டுமே தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'ரிலேயில் மட்டும்' என்பதில் உள்ள அந்த 'மட்டும்'. நான்கு விதமாகவும் நீந்தும் மெட்லி ரிலேயில் மல்லாந்து நீந்துபவர்தான் முதலில் புறப்படுவார். அவர் தண்ணீருக்குள் இருந்தபடி சுவரைப் பிடித்துப் புறப்பட வேண்டியவர் என்பதால், இடையில் வைத்தால் முடித்து வருபவருக்கு வழி மறிக்கும். இரண்டாவதாக மார்பு நீச்சலுக்கு என்னை நிறுத்தியிருந்தார்கள். வந்துகொண்டிருந்தவனின் கை சுவரைத் தொடுவதற்குள் என் கால் மேடையை விட்டுவிட்டது. கண்ணிமைக்கும் நேரம்தான், நால்வரும் நீந்தி முடித்த பிறகு எங்கள் அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது. மற்ற மூவரும் அன்று என்னோடு பேசவில்லை. பயிற்சியாளர் திட்டவில்லை. மறுநாள் காலை அரைமணி நேரம் என்னை அதே மேடையில் நிறுத்தி, குதிக்கவே கூடாது, வருபவர்களின் கையை மட்டும் பார் என்றார். அதன் பிறகுதான் என்னை மீண்டும் ரிலேயில் சேர்த்தார். மூன்று பேருடைய உழைப்பை நம்பி ஒப்படைக்கும் அந்த இடத்தில்தான் உங்கள் மகனை அவருடைய பயிற்சியாளர் நிறுத்துகிறார் என்பதை நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள்.

காதுவலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: நீந்தியதும் தலையைச் சாய்த்துக் காதிலுள்ள நீரை வடியவிடச் சொல்லுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். குளத்தில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் அதைச் சுத்தம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் நெடி அது.

கட்டணம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கில் ஒரு தனித்தாளே இணைத்திருக்கிறீர்கள். சென்ற கோடையில் உங்கள் மகனுடைய 50 மீட்டர் நேரம் என்ன, இந்தக் கோடையில் என்ன? அந்த இரண்டு எண்களும் தாளில் எங்கும் இல்லையே?