புள்ளியை விட்டால் கோலம் ஏது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஒரே வரி நிரலில் திரை முழுவதும் சாய்கோடுகளால் ஆன புதிர்வழிப் படம் ஒன்றை வரவழைத்தாள். பழைய கமடோர் 64 கணிப்பொறிக்கான வரியாம். அச்செடுத்து ஓவியப் போட்டிக்கு அனுப்பினால், "இது கணிப்பொறி போட்டது" என்று திருப்பிவிட்டார்கள். உங்கள் தீர்ப்பு என்ன?
- ஒரு தந்தை, கடலூர் முதுநகர்

பதில்: தீர்ப்பு இருக்கட்டும். முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள்: அந்த வரியில் எந்த எண்ணை மாற்றிப் பார்த்தாள்?

எனக்கும் அந்த நடுவர்களின் எண்ணம்தான் இருந்தது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கையில் தூரிகையைத் திணித்த ஓவிய ஆசிரியை வேறெப்படி நினைப்பாள்? லாஸ்பேட்டை வீட்டில் என் பேத்திதான் மாற்றினாள். 1982இல் வந்த அந்தப் பொறியைப் போலவே நடிக்கும் மென்பொருளை மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். அதன் எழுத்துப் பட்டியலில் 205 இடப்பக்கம் சாய்ந்த கோடு, 206 வலப்பக்கம் சாய்ந்த கோடு. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே தற்செயலாக ஓர் எண்ணை எடுத்து 205.5உடன் கூட்டு, பின்னத்தை உதறு, வந்த கோட்டை அச்சிடு, மறுபடியும் தொடங்கு. அவ்வளவுதான் நிரல். 40 பத்தி, 25 வரிசை, ஆக 1000 கட்டங்கள் நிரம்புவதற்குள் வழிகள் தாமே கூடி வளைந்துவிடுகின்றன.

நானே தட்டிப் பார்த்தேன். திரை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள், தேவனாம்பட்டினத்தில் காற்றோடு இறங்கும் ஐப்பசி மழை மாதிரி. "ஆயா, புள்ளி ஐந்தை விட்டுவிட்டீர்கள்" என்றாள் பேத்தி. வெறும் 205 என்று அடித்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் 205உடன் ஒன்றுக்குக் குறைவானதைத்தானே கூட்டுகிறது, 206ஐ எட்டாதே! நாற்பது மார்கழிகள் வாசலில் புள்ளி வைத்தவளுக்கு இந்தக் கதி.

ஆனால் அந்த மழை எனக்குப் பிடித்துப்போயிற்று. 205.3 என்று போட்டேன். பத்தில் ஏழு கோடுகள் ஒரு பக்கமே சாய்ந்தன. மழைக்குள் அங்கங்கே வழிகள் திறந்தன. அந்தப் படத்தை நான் போட்டேன் என்று கூசாமல் சொல்வேன். உங்கள் மகளும் இப்படி எதையாவது மாற்றித் தேர்ந்திருந்தால் அது அவள் படம். வரியை அப்படியே எடுத்திருந்தால், நடுவர்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. விதிப்படி வருவது கலையல்ல என்பதை மட்டும் ஏற்காதீர்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974இலேயே நம் கோலத்துக்குக் கணிப்பொறி முறையில் இலக்கணம் எழுதிவிட்டார்கள். அதனால் வாசலில் குனிந்து போடுகிறவளின் கைக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

கேள்வி: எனக்கு 62 வயது. வீட்டில் கணிப்பொறி கிடையாது. இதையெல்லாம் முயல வழியுண்டா?
- ஒரு வாசகி, நெல்லித்தோப்பு

பதில்: உண்டு. பாரிஸில் வாழ்ந்த ஹங்கேரிய ஓவியர் வேரா மோல்னார், 1968இல் கணிப்பொறியைத் தொடும் முன்பே, விதிகளை வகுத்துக்கொண்டு கையாலேயே வரைந்துவந்தார். அதற்குக் 'கற்பனைப் பொறி' என்று பெயர். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் ஒரு ரூபாய் நாணயமும் போதும். பூ விழுந்தால் இடச்சாய்வு, தலை விழுந்தால் வலச்சாய்வு. மூலையிலிருந்து மூலைக்குக் கோடு. இருபதுக்கு இருபது என்றால் 400 முறை சுண்ட வேண்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாணயம் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டால், அந்தக் கட்டத்தை வெற்றாகவே விட்டுவிடுங்கள்.