ஜூரி சம்மன் வந்திருக்கிறது, போகத்தான் வேண்டுமா?

கேள்வி: போன வருடம்தான் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இப்போது கவுண்டி (மாவட்ட) கோர்ட்டிலிருந்து ஜூரி டியூட்டிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது. "இங்கிலீஷ் சரியாப் புரியாதுன்னு எழுதிப் போடு, விட்டுடுவாங்க" என்கிறார் கணவர். அவருடைய நண்பர்கள் சிலர் அப்படித்தான் தப்பித்தார்களாம். ஐ.டி. வேலை, லீவு கேட்பதும் கஷ்டம். ஆனால் என் மனதில் உறுத்துவது வேறு. காசு இருக்கிறவனுக்கு ஒரு சட்டம், இல்லாதவனுக்கு ஒரு சட்டம், கறுப்பினத்தவர் என்றால் இன்னொரு சட்டம் என்று தினமும் செய்தியில் பார்க்கிறோம். எல்லாம் நிறவெறி என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். எல்லாம் காசு என்கிறார் கணவர். எதுவாக இருந்தாலும், நான் ஒருத்தி போய் உட்கார்ந்து என்ன ஆகிவிடப் போகிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். கண்டிப்பாகப் போங்கள்.

இங்கிலீஷ் புரியாது என்று எழுதுவதை முதலில் மறந்துவிடுங்கள். குடியுரிமை நேர்காணலில் இங்கிலீஷில் கேட்ட கேள்விகளுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லித் தேறியவர் நீங்கள். போன வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் புரிந்த மொழி இந்த வருடம் கோர்ட்டில் புரியாமல் போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது கோர்ட்டிடமே சொல்லும் பொய். கணவரின் நண்பர்கள் மாட்டாமல் போனது அவர்கள் அதிர்ஷ்டம். வேலை விஷயம் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஜூரிக்குப் போனதற்காக ஒருவரை வேலையை விட்டு எடுக்கவோ தண்டிக்கவோ நியூ ஜெர்சி சட்டத்தில் இடமில்லை. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை மட்டும் உங்கள் ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி ஒத்துவரவில்லை என்றால் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் செய்தியில் பார்ப்பது பொய்யில்லை. 2013 ஜூனில் டெக்சாஸில் 16 வயதுப் பையன் ஒருவன் அளவு மீறிக் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, சாலையோரம் நின்றிருந்தவர்கள் மேல் ஏற்றியதில் நான்கு பேர் செத்தார்கள். பணக்கார வீட்டுப் பையன், வெள்ளையன். செல்வத்திலேயே வளர்ந்ததால் தான் செய்வதன் விளைவு என்னவென்று அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவன் தரப்பு மனநல நிபுணர் சாட்சி சொன்னார். அவனுக்குக் கிடைத்தது சிறை இல்லை, பத்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. விதியை மீறி மெக்சிகோவுக்கு ஓடிப் பிடிபட்ட பிறகுதான் சுமார் இரண்டு வருடம் சிறைக்குப் போனான். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2010-ல், நியூயார்க்கின் பிராங்ஸில் கலீஃப் ப்ரவுடர் என்ற கறுப்பினப் பையன், அவனுக்கும் 16 வயது, ஒரு முதுகுப்பையைத் திருடினான் என்று பிடிக்கப்பட்டான். 3,000 டாலர் ஜாமீன் கேட்டார்கள், வீட்டில் புரட்ட முடியவில்லை. அப்புறம், ஏற்கெனவே வேறொரு வழக்கில் கண்காணிப்பில் இருந்தவன் என்பதால் ஜாமீனே கிடையாது என்று ஆகிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று பேரம் பேசினார்கள், செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று மறுத்துவிட்டான். விசாரணையே நடக்காமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருடம், அதில் ஏறக்குறைய இரண்டு வருடம் தனிமைச் சிறை. கடைசியில் வழக்கையே கைவிட்டார்கள். 2015-ல், 22 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த முதுகுப்பைதான் கண்ணில் நிற்கிறது. அதற்குள் என்ன பெரிதாக இருந்திருக்கும்?

ஆனால் இரண்டு வழக்கை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நமக்குக் கோபம் வரும், விடை வராது. மாநிலம் வேறு, சட்டம் வேறு, பணமும் நிறமும் இரண்டிலும் கலந்தே கிடக்கின்றன. உங்கள் வீட்டுச் சண்டைக்கு விடை வேண்டுமென்றால் நீங்கள் இருக்கும் நியூ ஜெர்சியையே பாருங்கள். 2013-ல் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்ச் சிறைகளில் இருந்தவர்களில் 12 சதவீதம் பேர் 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ ஜாமீன் கட்ட முடியாத ஒரே காரணத்துக்காக உள்ளே இருந்தார்கள் என்று அதில் தெரிந்தது. சட்டத்தின் பார்வையில் இன்னும் நிரபராதிகள், பையில் பணம் இல்லை, அவ்வளவுதான். உள்ளே இருக்கிறவனுக்கு வேலை போகும், வாடகை பாக்கியாகும், "ஒப்புக்கொள், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால் செய்யாததையும் ஒப்புக்கொள்வான். அமெரிக்காவில் தண்டனை பெறுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விசாரணையைப் பார்க்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு போகிறவர்கள்தான். 2017 ஜனவரி 1 முதல் நியூ ஜெர்சி பண ஜாமீனை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. அதன் பிறகு விசாரணைக்காகக் காத்துக்கிடந்தவர்களின் கூட்டம் மளமளவென்று குறைந்தது. ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் வீட்டுக்குப் போனார்கள். உங்கள் கணவர் சொல்வது சரி, காசு அவ்வளவு பெரிய பூட்டு.

அதே நேரம் இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டம் குறைந்ததே தவிர, உள்ளே மிச்சம் இருந்தவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு பழையபடி பாதிக்கும் மேலேயே நின்றது, மாநில மக்கள் தொகையில் அவர்கள் ஆறு ஏழு பேருக்கு ஒருவர்தான் என்றாலும்கூட. காசு என்ற பூட்டைக் கழற்றிய பிறகும் இன்னொரு பூட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆக மகள் சொல்வதும் சரி. கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒரே மாதிரிக் குற்றம், ஒரே மாதிரிப் பழைய வழக்கு விவரம் உள்ளவர்களை ஒப்பிட்டு, கறுப்பின ஆண்களுக்கு வெள்ளை ஆண்களைவிடச் சராசரியாக 19.1 சதவீதம் நீண்ட தண்டனை கிடைக்கிறது என்று அமெரிக்கத் தண்டனை ஆணையமே 2017-ல் அறிக்கை வெளியிட்டது. சில நேரம் பணத்தையும் நிறத்தையும் சட்டமே சேர்த்துக் கட்டியது. 1986-ல் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டத்தில், பணக்காரர்கள் வாங்கும் பவுடர் கொக்கைன் 500 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, ஏழைக் கறுப்பினத் தெருக்களில் சில்லறையாக விற்ற கிராக் (அதே கொக்கைனின் இன்னொரு வடிவம்) 5 கிராமுக்கும் அதே ஐந்து வருடம். ஒன்றுக்கு நூறு. 2010-ல்தான் அதை ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைத்தார்கள், குறைத்தபிறகும் சமமாகவில்லை.

என் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் டிராஃபிக் டிக்கெட்டுக்காக அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் முனிசிபல் கோர்ட்டுக்குத் துணைக்குப் போயிருந்தேன். காலை எட்டரைக்கே ஹால் நிறைந்துவிட்டது. பெயர் கூப்பிட ஆரம்பித்ததும், வக்கீலோடு வந்தவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். என் உறவினரும் வக்கீல் வைத்திருந்தார், பத்து நிமிடத்தில் எங்கள் வேலை முடிந்தது, செய்த குற்றம் ஒன்று, எழுதிய குற்றம் அதைவிடச் சின்னதாக ஒன்று. எனக்குப் பக்கத்தில், சமையல்கூடத்து வெள்ளைச் சட்டையும் எண்ணெய்க் கறை பிடித்த ஷூவுமாக ஒரு கறுப்பின இளைஞன். கையில் டிக்கெட்டை நாலாக மடித்து வைத்திருந்தான், அந்த மடிப்பில் காகிதம் கிழிய ஆரம்பித்திருந்தது. எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்தவன். நாங்கள் கிளம்பும்போது போனில், "இன்னும் கூப்பிடலை சார், மதியத்துக்குள்ள வந்துடுவேன்" என்கிற மாதிரி யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்த ஹாலில் யாரும் அவனைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. வக்கீல்களுக்கு அடுத்த கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதனால் அவர்கள் முதலில். அவ்வளவு சாதாரணமாக அவனுடைய அரை நாள் சம்பளம் போய்விட்டது. நானும் அந்த வரிசையில் முந்திப் போனவள்தான். அது எனக்கு இன்றும் மனதில் கிடக்கிறது.

அநியாயம் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்ன இடத்தில்தான் நடக்கிறது. யார் எப்போது கூப்பிடப்படுகிறார், யாருக்கு எவ்வளவு ஜாமீன், எந்தக் குற்றமாக வழக்கு எழுதப்படுகிறது, ஜூரிப் பெட்டியில் யார் உட்காருகிறார். முதல் மூன்றிலும் உங்களுக்கோ எனக்கோ கையில்லை. நான்காவதில் உங்கள் பெயர் அச்சடித்து வந்திருக்கிறது.

நம் ஊரில் ஜூரி முறை எப்போதோ போய்விட்டது, 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. அதனால் அந்த நாற்காலியின் அருமை நமக்குத் தெரியாது. அமெரிக்காவில் அதற்காக எத்தனை சண்டை! கறுப்பினத்தவர் ஜூரியாக வரவே கூடாது என்ற மேற்கு வர்ஜீனியா சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1880-ல். அதன் பிறகு வேறு வழி பிடித்தார்கள். காரணம் சொல்லாமலேயே இத்தனை பேரை வேண்டாம் என்று ஒதுக்க இரு தரப்பு வக்கீல்களுக்கும் உரிமை உண்டு, அதை வைத்துக் கறுப்பினத்தவரை ஒவ்வொருவராகக் கழித்தார்கள். நிறத்துக்காக ஒதுக்கக் கூடாது என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. வந்தும், மிசிசிப்பியில் கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை நான்கு கொலைகளுக்காக ஒரே அரசு வக்கீல் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். அந்த ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, ஒதுக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பின ஜூரிகளில் 41 பேரை அரசுத் தரப்பு ஒதுக்கியது. ஆறாவது விசாரணையில், ஒதுக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் மொத்தம் 145 கேள்விகள், தேர்ந்தெடுக்கப்பட்ட பதினோரு வெள்ளையரிடம் மொத்தம் 12. துருவித் துருவிக் கேட்டால் யாரிடமும் ஏதாவது ஒரு சாக்கு கிடைக்கும் இல்லையா? 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது, 2020-ல் வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் அவர் இருபது வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

மிசிசிப்பி எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உங்கள் நியூ ஜெர்சியிலேயே ஒரு கொலை வழக்கில், நியூவார்க்கைச் சேர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர் ஜூரியாக வந்தார். அரசுத் தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி அவர் தகுதியானவர்தான் என்றார். உடனே அரசுத் தரப்பு அவர் ஒருவருடைய போலீஸ் பதிவை மட்டும் தோண்டி, ஒரு முனிசிபல் கோர்ட் வாரண்ட் நிலுவையில் இருப்பதைக் கண்டுபிடித்து, அவரையே கைது செய்ய வைத்தது. குடிமகனாகக் கடமை செய்ய வந்தவரின் கையில் விலங்கு. 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைத் தண்டனையை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது.

ஒரு நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது ஒரு பொருட்டே இல்லை என்றால், அதில் ஒருவர் உட்காராமல் இருக்க இவ்வளவு பாடுபடுவார்களா? புளோரிடாவின் இரண்டு கவுண்டிகளில் பத்து வருட வழக்குகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஜூரிக்காக அழைக்கப்பட்ட கூட்டத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாதபோது, குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவரில் 81 சதவீதம் பேரும் வெள்ளையரில் 66 சதவீதம் பேரும் தண்டனை பெற்றார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் இருந்தாலும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. நீங்கள் கறுப்பினத்தவர் இல்லை, அதனால் இந்தக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி வாழ்ந்தவர்களாக இருந்தால் சில கேள்விகள் யார் வாயிலிருந்தும் வராது. அது உறுதி.

இந்த நாற்காலி நமக்கும் சும்மா வரவில்லை. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடிமகனாக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946-ல் சட்டம் மாறிய பிறகுதான் இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. குடிமகன் இல்லாதவர் ஜூரியாக முடியாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் "அந்த ஏரியா பக்கம் போகாதே" என்று சொல்லும்போது நாம் எந்த ஏரியாவைச் சொல்கிறோம்? நிறத்தைப் பற்றி நம் ஆட்கள் பேசும் பேச்சு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஜூரித் தேர்வில் உங்களிடம் கேள்விகள் கேட்பார்கள், அப்போது மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதே மாதிரி, "பாவம், கறுப்பினப் பையன், விட்டுவிடலாம்" என்று முன்கூட்டியே முடிவெடுத்துக்கொண்டும் போகாதீர்கள், பாதிக்கப்பட்டவரும் ஏழையாக, கறுப்பினத்தவராக இருக்கலாம். நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்களா, அது ஒன்றுதான் உங்கள் வேலை. கிரிமினல் வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும், ஆகவே எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகத் துடிக்கும் மாலை நேரத்தில், "எனக்கு அந்த இரண்டாவது சாட்சி சொன்னது இன்னும் புரியவில்லை, திரும்பப் பார்க்கலாமா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உச்சரிப்பைப் பற்றி வெட்கப்படாதீர்கள். கேளுங்கள்.

உங்களைத் தேர்ந்தெடுக்காமலே அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது, நாள் முழுக்க ஹாலில் உட்காரவைத்துவிட்டுப் போகச் சொல்வதும் நடக்கும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கோர்ட் ஹால்கள் குளிரும். தேர்வானால், வழக்கு முடியும்வரை அதைப் பற்றி வீட்டில் கணவரிடமும் மகளிடமும் பேசக்கூடாது என்று நீதிபதி சொல்வார். எனக்கும் அதுவரை எழுதாதீர்கள். முடிந்த பிறகு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.