முதுகுப்பையோடு மலையேறும்போது கேமராவை எப்படிச் சுமப்பது?

கழுத்தில் மாட்டாதீர்கள். பைக்குள்ளும் போடாதீர்கள், உள்ளே போன கேமரா மாலையில் அறைக்குத் திரும்பிய பிறகுதான் வெளியே வரும். பையின் இரண்டு தோள்வார்களிலும் தொங்கவிடுங்கள். நீங்கள் புதிதாகக் கேமரா வாங்கி, அதோடு வந்த கழுத்துவாரையே நம்பிக் கிளம்பப் போகிறவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

என்னுடையது கேனன் 80டி. 18-135 மி.மீ. லென்சோடு ஒன்றேகால் கிலோ. கடையில் கையில் வாங்கியபோது அது ஒரு கனமாகவே தெரியவில்லை. ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு நடந்த அன்று அரை மணி நேரத்திலேயே பிடரி பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை விட்ட மறுநாள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும்போதுதான் அந்த அருவியைப் பார்க்க வேண்டும். பாதை வழுக்குவதும் அப்போதுதான். இறக்கத்தில் குனிந்து ஒரு பாறையில் கால் வைத்தேன். கேமரா முன்னால் ஆடியது. எட்டும் தூரத்தில் தடித்த வேர் ஒன்று இருந்தும், என் வலக்கை கேமராவைத்தான் பிடிக்கப் போனது. விழுந்தேன். லென்சின் முன்விளிம்பு பாறையில் இடித்து நசுங்கியது. அதில் மாட்டியிருந்த ஃபில்டரை அதன்பின் கழற்றவே முடியவில்லை. முழங்காலைக் கிழித்தது யாரோ உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு.

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றிக் கொண்டுவரும்போது கனக்காத பாட்டில், காலியானதும் கனத்துவிடுகிறதா? செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகள் மலை ஊர்களில் இருக்கிறார்கள். காட்டெருமைகள் நடமாடும் மலை அது. அன்று பொறுக்கிய சில்லுகளைக் கைக்குட்டையில் முடிந்து மேலே கொண்டுவந்தேன். இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கேமராவுக்கு வருகிறேன். சேலம் பழைய பஸ் நிலையம் பக்கம் பை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். "எவ்வளவு கனம் தம்பி?" என்று கேட்டு, கேமராவைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு தோள்வார்களிலும் ஒரு விரல் அகல நைலான் பட்டையை வைத்து, சதுரமாகத் தையல் ஓட்டி, உள்ளே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தையல் போட்டார். நுனிகளில் பிளாஸ்டிக் பக்கிள். கேமராவின் இருபக்க வளையங்களையும் அவற்றில் மாட்டினால் அது நெஞ்சில் வந்து உட்காரும். பையின் நெஞ்சுவாரை லென்சுக்கு மேலே கொண்டுவந்து பூட்டினால் ஆடாது. இடுப்புவார் இறுக்கமாக இருந்தால் பாரத்தில் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். கைகள் இரண்டும் உங்களுடையவை.

தோள்வாரில் பூட்டும் உலோகக் கிளிப் இருக்கிறதே என்று சிலர் எழுதுவீர்கள். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய பஞ்சு வைத்த பையில் அது உடம்பில் குத்துகிறது, கனமும் ஒரே தோளில் விழுகிறது. போனே போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. மரத்தின் உச்சியில் இருக்கும் குருவியை எடுக்க எனக்குப் போன் போதவில்லை.

இந்த முறையிலும் ஒரு தொல்லை உண்டு. ஏற்காட்டின் பகோடா முனை என்ற காட்சிமுனையில் தேநீர் குடிக்கும் அவசரத்தில், பக்கிளைக் கழற்றாமலே பையை இறக்கினேன். பை சரிந்த பக்கம் கேமராவும் சரிந்தது. நண்பர் கை கொடுத்துத் தாங்கியதால் தப்பியது. இப்போதெல்லாம் கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்த பிறகுதான் இடுப்புவாரைத் தளர்த்துகிறேன்.