கிணற்றடி லைற் இரவு 10 மணிக்கே அணைந்தால்

தம்பி, மல்லாவி வளவில் 20 வாட் சோலார் பேனல், 12 வோல்ற் 7 ஏஎச் (அம்பியர்மணி) ஈயப் பற்றரி, 10 வாட் எல்ஈடி. மாரி தொடங்கியதும் 10 மணிக்கே அணைகிறது என்கிறீர்கள். லைற்றில் பிழையில்லை. அந்தப் பற்றரியில் இருப்பதே 84 வாட்மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் கெதியாகப் பழுதாகும். ஆக எடுக்கக்கூடியது 42 வாட்மணி, 10 வாட் லைற்றுக்கு நாலு மணித்தியாலம்தான். விடியும்வரை 12 மணித்தியாலம் எரிய 120 வாட்மணி வேண்டும்.

12.8 வோல்ற் 20 ஏஎச் லித்தியம் அயன் பொஸ்பேற் (LiFePO4) பற்றரி போடுங்கள், ஒரு மழைநாளும் தாங்கும். பேனலுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்ரோலர் அந்த வகைக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். பேனலும் 60 வாட்டாவது வேண்டும். தெற்கு பார்த்து, 10 பாகை சரிவு, மரநிழல் படாமல்.

கேற்றடிக்கு, ஆள் அசைந்தால் மட்டும் எரியும் மோஷன் சென்சர் லைற் போதும். கிணற்றடிக்கு வேண்டாம்; பாம்பு வந்தால் லைற் பெரும்பாலும் எரியாது, சென்சர் சூடுள்ள உடம்பைத்தான் பிடிக்கும்.