நிலவேம்புச் சாறு கொடுத்ததும் இரண்டு எலிகள் இறந்தது ஏன்?

உங்க நச்சுச் சோதனை அறிக்கையில் சாற்றின் நஞ்சு என்று இப்போதே எழுதிவிடாதீங்க. 2000 மி.கி./கிலோ கொடுத்த பத்தே நிமிடத்தில், மூச்சுத் திணறி, மூக்கில் நுரையோடு இறந்தது என்கிறீங்க. சாறு நுரையீரலுக்குள் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நிலவேம்பு வாய்வழியாக அவ்வளவு வேகத்தில் கொல்லும் சரக்கில்லை.

கணக்கைப் பாருங்க. 200 கிராம் எலிக்கு 400 மி.கி. சாற்றுப் பொடி. அதை 2 மில்லியில் கரைத்தால் குலா மெலாக்கா (பனைவெல்லம்) பாகு மாதிரிதான் இருக்கும். வாய்வழியாக இரைப்பைக்குள் விடும் ஊசியில் அடைக்கும், நாம் அழுத்துவோம், எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கும். நீரில் கரைத்திருந்தால் 100 கிராமுக்கு 2 மில்லி வரை ஓஇசிடி 423 (வாய்வழி நச்சுச் சோதனைக்கான பன்னாட்டு வழிகாட்டி) அனுமதிக்கிறது. 4 மில்லியாக நீர்க்க விடுங்க. பினாங்கு ஈரப்பதத்துக்குத் திறந்து வைத்த பொடி தண்ணீரை இழுத்து எடை கூடும், அதையும் கவனிங்க.

இறந்த எலிகளை வீசிடலையே? நெஞ்சைத் திறந்து பாருங்க. மூச்சுக்குழாயில் பச்சைக் கறை, நுரையீரலில் திரவம், உணவுக்குழாயில் கிழிசல், இதில் ஏதாவது இருந்தால் கொடுத்த விதத்தில்தான் கோளாறு. படம் எடுத்து வைங்க, மேற்பார்வையாளர் கட்டாயம் கேட்பார்.

நுரையீரல் சுத்தமாக இருந்தால் நான் சொன்னது பொருந்தாது. அப்போது 300 மி.கி./கிலோ அளவுக்கு இறங்கணும், சாற்றில் வேறு செடி கலந்திருக்கான்னும் பார்க்கணும். எப்படியிருந்தாலும் புது எலிகளைத் தொடும் முன் பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு இந்த இறப்புகளைத் தெரிவிச்சிடுங்க.