ஒன்ஸ்: எளிமைக்குச் சலுகை வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ‘ஒன்ஸ்’ படத்தைப் பார்த்தேன். டப்ளின் தெருவில் பாடிக் காசு சேர்க்கும் ஒருவனும், செக் நாட்டிலிருந்து வந்து பூ விற்றுப் பிழைக்கும் ஒரு பெண்ணும் சந்தித்து, சில நாட்கள் சேர்ந்து பாடல்களை உருவாக்கிப் பதிவு செய்துவிட்டுப் பிரிகிறார்கள்; அவ்வளவுதான் கதை. படம் முடிந்தும் நெடுநேரம் எழ மனம் வரவில்லை. மறுநாள்தான் ஐயம் வந்தது. ஆடும் கேமரா, மங்கிய வெளிச்சம், நடித்துப் பழகாத நடிகர்கள் ஆகியவற்றையெல்லாம், பாவம், கையில் பணமில்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்று மன்னித்துவிட்டேனா? பணம் இருந்திருந்தால் இன்னும் நல்ல படமாகியிருக்குமா? கடலோரத்தில் அவள் செக் மொழியில் சொல்லும் வரிக்கு ஏன் சப்டைட்டில் போடவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

செலவுக் கணக்கைக் காட்டிச் சலுகை கேட்கும் படங்கள்மீது எனக்கும் மதிப்பில்லை. திரையில் இருப்பது நன்றாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கேள்வியின் முன் ‘ஒன்ஸ்’ தன் காலில் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

ஜான் கார்னி இதை 17 நாட்களில், ஏறத்தாழ 1,50,000 டாலர் செலவில், சிறிய வீடியோ கேமராக்களைக் கொண்டு எடுத்தார். படம் 2007-இல் திரையரங்குகளுக்கு வந்தது. கதாநாயகனாக முதலில் எண்ணப்பட்டவர் கிலியன் மர்ஃபி. அவர் விலகிய பிறகே, பாடல்களுக்காக அழைக்கப்பட்டிருந்த கிளென் ஹான்சார்ட் நடிக்கவும் வேண்டியதாயிற்று. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு அதே டப்ளின் தெருக்களில் பாடத் தொடங்கியவர் அவர். அவருடைய ‘தி ஃபிரேம்ஸ்’ குழுவில் கார்னி ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். பெண்ணாக வரும் மார்கெட்டா இர்க்லோவாவும் நடிகையல்ல, பியானோ வாசிப்பவர். இவர்களை நடித்துப் பழகாதவர்கள் என்று நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் ஹான்சார்டின் கிட்டாரைக் கவனித்தீர்களா? ஆண்டுக்கணக்கில் விரல்கள் உரசி உரசி அதன் முகப்பலகையில் ஓட்டையே விழுந்திருக்கிறது. அப்படி ஒரு பொருளை எந்தக் கலை இயக்குநரும் செய்து கொடுத்துவிட முடியாது.

தெருக்காட்சிகள் பலவற்றைத் தொலைவிலிருந்து நீண்ட லென்ஸ் வழியாக எடுத்தார்கள். குறுக்கே போகிறவர்களுக்குப் படப்பிடிப்பு நடப்பதே தெரியாது. இது பணமில்லாததால் செய்த ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை, ஆனால் அதன் விளைவாக, அந்த இருவரும் கூட்டத்தில் கரைந்த இரண்டு பேராக ஆகிவிடுகிறார்கள், நாமோ ஒட்டுக்கேட்பவர்களாக ஆகிவிடுகிறோம். பழுதான வாக்குவம் கிளீனரை அவள் நாய்க்குட்டியைப் போலத் தெருவில் இழுத்துக்கொண்டு போவதை அருகிலிருந்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தால் அது வெறும் வேடிக்கைக் காட்சியாக முடிந்திருக்கும்.

என்னைக் கட்டிப்போட்டது பாடல்கள் படத்துக்குள் வரும் முறை. இசைப்படங்களில் பாத்திரங்கள் பேசிக்கொண்டே வந்து திடீரெனப் பாடுவார்கள், எங்கிருந்தோ ஓர் ஆர்கெஸ்ட்ரா எழும்பும். நம் படங்களில் அதற்குள் ஊரும் உடையும்கூட மாறிவிடும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு பாடலுக்கும் செய்து முடிக்கவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வாத்தியக் கடையில், தன்னால் விலை கொடுத்து வாங்க முடியாத பியானோவின் முன் அவள் அமர்ந்திருக்க, அவன் பாட்டின் கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறான். அவள் தயங்கித் தயங்கிப் பிடித்துக்கொள்கிறாள், பிறகு தயக்கம் போய்விடுகிறது, அவன் குரலுக்கு மேலே அவள் குரலும் சேர்கிறது. 2008-இல் ஆஸ்கர் வாங்கிய பாடல் அது. ஆனால் அந்தக் காட்சியில் அது இன்னும் முடிவடையாத ஒரு பாடல். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காது கொடுப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். சற்று முன்பின்னாக வரும் ஒரு காட்சியில் அவன் அவளை இரவு தங்கச் சொல்லி அசட்டுத்தனமாகக் கேட்டு, அவள் முகம் மாறி எழுந்து போய்விடுகிறாள். பேச்சில் அத்தனை தடுமாறும் ஒருவனைப் பாட்டில் அவள் நம்புகிறாள். படத்தின் காதல் முழுவதும் அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இன்னொரு காட்சி: அவன் கொடுத்த மெட்டுக்கு அவள் வரி எழுதவேண்டும், இரவில் சிடி பிளேயரின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. மகளின் உண்டியல் காசை எடுத்துக்கொண்டு, வீட்டு உடையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறாள். பேட்டரியைப் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் அந்த வரிகளைப் பாடியபடியே நடக்கிறாள், கேமரா வெட்டின்றி உடன் நடக்கிறது. மங்கிய வெளிச்சம் என்று நீங்கள் சொன்னது இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மன்னிக்கக் கூடாத இடமும் உண்டு. ஒலிப்பதிவுக்குக் கடன் கேட்டுப் போகும் வங்கியில், மேலாளரே கிட்டாரை எடுத்துப் பாட ஆரம்பிப்பதை நான் நம்பவே இல்லை. அது எழுத்தில் உள்ள குறை, எத்தனை கோடி செலவழித்தாலும் சரியாகாது. மாறாக, சலிப்போடு உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் முதல் பாட்டிலேயே மெல்ல நிமிர்வதும், விடிந்ததும் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு, சாதாரண ஸ்பீக்கரில் பாட்டு எடுபடுகிறதா என்று போட்டுக் கேட்பதும் இசைத்தொழிலை உள்ளிருந்து அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடியவை.

கூடுதல் பணம் வந்திருந்தால், அதைத் திருப்பி எடுக்க அந்த இருவரையும் சேர்த்துவைக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். பாத்திரங்களுக்குப் பெயரும் வைத்திருப்பார்கள். இப்போது அவர்கள் ‘அவன்’, ‘அவள்’ மட்டும்தான்.

அந்த வரிக்கு வருகிறேன். ஊரில் இருக்கும் கணவனை நேசிக்கிறாயா என்று, அவள் சொல்லித் தந்த செக் மொழியிலேயே அவன் கேட்கிறான். “மிலுயு தெபே” என்கிறாள். ‘நேசிப்பது உன்னை’ என்று பொருள். அவனுக்குச் செக் தெரியாது, அவள் விளக்காமல் நகர்ந்துவிடுகிறாள். சப்டைட்டில் போட்டிருந்தால் நமக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாமல் போயிருக்கும்; போடாததால், முதல்முறை பார்க்கும்போது நாமும் அவனோடு அங்கேயே நின்றுவிடுகிறோம். பொருள் தெரிந்தபின் இன்னொரு முறை பார்த்தேன். அப்போது நான் கவனித்தது அவள் முகத்தை அல்ல, அவன் முகத்தை.