உளுந்துக்கு யூரியா தேவையா? வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்: கேள்வி பதில்

கேள்வி (பாசன உளுந்து, புதுக்கோட்டை): விதைத்து 20 நாள் ஆகிறது. செடி கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கிறது. ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா வீசலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் நாலைந்து செடியின் வேரைப் பாருங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, விரலில் சாயம் ஒட்டினால் அது வேலை செய்கிறது என்று பொருள். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு, அல்லது வேலைக்கு ஆகாத முடிச்சு. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் அதன் காலம் முடிந்தது.

சிவப்பு தெரிந்தால் யூரியாவை மறந்துவிடுங்கள். முடிச்சுக்குள் இருந்து, காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிருக்குச் செடி சர்க்கரை கொடுத்தாக வேண்டும். மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அந்தச் செலவைச் செடி ஏன் செய்யப்போகிறது? புது முடிச்சு வைக்காது, இருப்பதும் சோம்பிவிடும். இலை கருகருவென்று தழைக்கும், காய் குறையும்.

கேள்வி: அப்படியென்றால் பரிந்துரையில் ஏன் தழைச்சத்தும் இருக்கிறது?

முளைத்த செடிக்கு முடிச்சு உருவாகி வேலையைத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தாங்கத்தான் அந்த உரம். பாசன உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). ஏக்கருக்கு 10ம் 20ம். அடியுரமாக 50 கிலோ டிஏபி போட்டாலே 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் வந்துவிடுகிறது. டிஏபி போட்டவர் அதன்மேல் யூரியாவும் வாங்குவது வீண் செலவு.

கேள்வி (நெல் தரிசு உளுந்து, திருவாரூர்): நெல் அறுவடைக்கு முன்னால் வயல் ஈரத்தில் உளுந்து விதையைத் தெளிக்கிறோம். அடியுரத்துக்கு வழியே இல்லை. ரைசோபியம் மட்டும் போதுமா?

உங்களுக்குத்தான் அது மிகவும் தேவை. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற வயலில் இந்த நுண்ணுயிர்கள் குறைந்துபோயிருக்கும். 8 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் ஒன்று; ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை முழுக்கப் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி, அன்றே தெளித்துவிடுங்கள். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை முந்தின நாளே முடித்திருக்க வேண்டும்.

பாக்கெட்டில் இருப்பது உயிர், தேதி பார்த்து வாங்குங்கள். ஒருமுறை நான் வாங்கிய கடையில் அதை வெயில் அடிக்கும் வாசலோரம் அடுக்கியிருந்தார்கள். கவனிக்காமல் வாங்கி வந்தேன். அந்தப் பட்டத்தில் வேரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் முடிச்சு. இன்றுவரை மனசு ஆறவில்லை.

பூக்கும்போது ஒருமுறையும், அதிலிருந்து 15 நாள் கழித்து ஒருமுறையும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளியுங்கள். காய் முற்றும் நேரத்தில் முடிச்சுகள் ஓயத் தொடங்கும், அப்போது இலைவழி உணவு கைகொடுக்கும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து 200 லிட்டராக்குங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): பீன்ஸுக்கும் இதே கணக்கா?

இல்லை. பீன்ஸ் இந்த வேலையில் பலவீனமான பயிர். உளுந்துபோல் நம்பி விட்டுவிட முடியாது, தழைச்சத்து கூடுதலாகவே வேண்டும். அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். மலை மண் புளிப்பாக இருந்தால் முடிச்சு இன்னும் மோசமாகும். மண் பரிசோதனை செய்து, சொல்கிற அளவுக்குச் சுண்ணாம்பு இடுங்கள். உளுந்துப் பாக்கெட்டை பீன்ஸுக்குப் பூசாதீர்கள், அதற்கான ரைசோபியம் வேறு.

கேள்வி: வேரில் கட்டிகட்டியாக இருக்கிறது. முடிச்சா, வேரைத் தாக்கும் நூற்புழுவா?

விரலால் உருட்டுங்கள். ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணிபோல் ஒட்டியிருக்கும், சுலபமாக உதிரும். நூற்புழு என்றால் வேரே வீங்கியிருக்கும், உதிராது.

கேள்வி: பத்து வருஷமாக உளுந்து போடும் நிலம். ரைசோபியம் போட்டும் வித்தியாசமே தெரியவில்லை.

தெரியாமல் போகலாம். உங்கள் மண்ணில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கக்கூடும். இந்தப் பட்டத்தில் ஒரு பாத்தியைப் பூசாத விதையில் விதைத்து, மற்ற எல்லாம் ஒன்றாகவே செய்யுங்கள். பூக்கும்போது இரண்டிலும் பத்துப் பத்துச் செடி பெயர்த்து முடிச்சை எண்ணுங்கள், அறுப்பில் தனித்தனியாக எடை போடுங்கள். அறுக்கும்போது செடியைப் பிடுங்காமல் அரிவாள் போட்டால் வேர் வயலிலேயே மக்கி அடுத்த பயிருக்கு ஆகும்.